கவர் 3-ஐ உடைக்கும் ஃபிளட், கவர் 4 வந்தால் ஏன் திணறுகிறது?

நாலாம்_டவுன்

அமெரிக்கன் ஃபுட்பால்ல ஃபிளட் கான்செப்ட், அதாவது ஒரே ஓரத்துக்கு மூணு பேரை அனுப்புற பாஸ் ஆட்டம், அதுல ஒரு சந்தேகம். அடிப்படை இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஓரத்துலேர்ந்து உள்ளே எண்ணினா, வெளியோரத்து நம்பர் 1 ரிசீவர் (பாஸ் பிடிக்கிறவர்) நேரா மேல ஓடுற கோ, நம்பர் 2 பன்னிரண்டு யார்டு ஏறி ஓரக்கோட்டைப் பார்த்து வெட்டுற செயில், நம்பர் 3 (பெரும்பாலும் ரன்னிங் பேக், சுருக்கமா பேக்) தாழ்வா ஓரத்துக்கு ஓடுற ஃபிளாட். ஒரே ஓரத்துல மூணு உயரத்துல மூணு பேர். கவர் 3-ல (ஆழத்தை மூணு பேர் பிரிச்சுக் காக்குற டிஃபென்ஸ்) அந்த ஓரத்துக்கு ரெண்டே டிஃபெண்டர்தான்: ஆழத்துல கார்னர், அவருக்குக் கீழே கர்ல்-ஃபிளாட் ஆள். மூணுக்கு ரெண்டு, கணக்கு நமக்குச் சாதகம்.

ஆனா ஹைஸ்கூல் ஆட்டப் பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தா அந்தக் கர்ல்-ஃபிளாட் ஆள் ஒருத்தரே செயிலையும் ஃபிளாட்டையும் சேர்த்துக் காத்துடுறார். கவர் 4 (ஆழத்துல நாலு பேர்) வந்தாலோ மூணு பேரும் அடைபட்டுப் போறாங்க. பந்தை எறியற குவார்ட்டர்பேக் மேலிருந்து கீழே பார்க்கணுமா, கீழிருந்து மேலே பார்க்கணுமாங்கறதுலயும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

வெண்பலகை

உங்கள் முதல் சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் இடைவெளிதான். எண்ணோடு பார்த்தால் தெளிவாகிவிடும்.

கர்ல்-ஃபிளாட் ஆள் 10 யார்டு ஆழத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். செயில் 18-இல் பந்தைப் பிடித்தால் அது அவருக்கு 8 யார்டு மேலே. ஃபிளாட் 3-இல் பிடித்தால் 7 யார்டு கீழே. எதை நோக்கி நகர்ந்தாலும் இன்னொன்று கைவிட்டுப் போகும். நாம் தேடும் இழுப்பு இதுதான்.

இப்போது கெட்டுப்போன ஃபிளட்டைப் பாருங்கள். செயில் ஓடுபவர் 12-இல் வெட்டி, மேலே ஏறாமல் படுக்கையாக ஓடி 13-இல் பிடிக்கிறார். பேக் வளைந்து ஓடி 6 யார்டுக்கு ஏறிவிடுகிறார். அதே 10-இல் நிற்பவருக்கு மேலே 3, கீழே 4. ஓர் அடி எடுத்து வைத்தால் இரண்டும் எட்டும். ரிசீவர்கள் மூன்று பேர் இருந்தும் இழுப்பு இல்லாமல் போகிறது.

அதனால் செயிலுக்கு நான் வைக்கும் விதி: 12-இல் வெட்டிய பிறகு இரண்டு யார்டு வெளியே போனால் ஒரு யார்டு மேலே ஏற வேண்டும். 12 யார்டு வெளியே போகும்போது 6 யார்டு ஏறி 18-க்கு வந்துவிடுவார். இதற்கு வெளிப்பக்கம் புல் வேண்டும். நம்பர் 2 தொடக்கத்திலேயே ஓரக்கோட்டிலிருந்து 16, 17 யார்டு உள்ளே நிற்க வேண்டும். அகலமாக நின்றுவிட்டால் ஏறுவதற்கு முன்பே கோடு வந்துவிடும், அவரும் வேறு வழியின்றிப் படுக்கையாக ஓடுவார். பல சமயம் ரூட் கெடுவது வெட்டும் இடத்தில் அல்ல, ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் கணத்துக்கு) முன்பு நிற்கும் இடத்தில்.

கோ ஓடுபவருக்கும் ஒரு வார்த்தை. பத்தில் ஒரு முறைதான் பந்து வரும் என்று தெரிந்தாலும் முழு வேகத்தில் ஓட வேண்டும். அவர் தளர்ந்தால் கார்னர் 15-இல் நின்று திரும்பிப் பார்ப்பார். செயில் அவர் மடியில் போய் விழும்.

ஸ்லாட்_வாசி

வெண்பலகை அண்ணா சொன்னதோட பேக் பத்தி ஒண்ணு சேர்க்கணும். நிறைய டீம்ல பேக்கை முதல்ல குவார்ட்டர்பேக் மேல பாயற ஓரத்து ரஷ்ஷரை ஒரு தட்டு தட்டிட்டு அப்புறம் ஃபிளாட்டுக்குப் போகச் சொல்றாங்க. பாதுகாப்புக்கு நல்லது, ஆனா இழுப்புக்கு விஷம். அந்தத் தட்டுக்கு ஒரு நொடி போயிடும். அந்த ஒரு நொடி கர்ல்-ஃபிளாட் ஆளுக்குக் கீழே யாருமே இல்ல. கீழே இழுக்க ஆள் இல்லாதப்போ அவர் நிம்மதியா செயிலுக்கு அடியில ஏறிப் போறார். அப்புறம் பேக் வெளியே வந்து என்ன பிரயோஜனம்?

தட்டியே ஆகணும்னா ஃபிளாட்டை டைட் எண்டுக்கு (தடுப்பு வரிசை ஓரத்துல நிக்கற ரிசீவருக்கு) கொடுங்க, பேக்கைத் தடுக்க வைங்க. இல்லேன்னா ஸ்னாப்புக்கு முன்னாடியே பேக்கை மோஷன்ல வெளியே அனுப்புங்க. முதல் அடியே ஸ்கிரிமேஜ் கோட்டுக்கு (ஆட்டம் தொடங்குற கோட்டுக்கு) இணையா இருக்கணும். எண்கள் வரைஞ்ச இடத்தைத் தொடும்போது 3 யார்டு, அதுக்கு மேல வேண்டாம்.

மூன்றாம்_அடுக்கு

நான் எப்போதும் டிஃபென்ஸ் பக்கம் இருந்து பார்ப்பவன், அதனால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். நீங்கள் மூவரும் பேசுவது இடம் பிடித்து நிற்கும் பழைய கவர் 3. அந்த வகை இன்னும் ஹைஸ்கூலில் நிறைய இருக்கிறது, ஆனால் மேலே போகப் போக மேட்ச் கவர் 3 தான், அதாவது இடத்தைக் காக்காமல் ரிசீவரின் ஓட்டத்தைப் பார்த்து ஆளைப் பிடிப்பது. கோச் நிக் சேபன் 1991 முதல் 1994 வரை தொழில்முறை அணியான கிளீவ்லாண்டில் தலைமைக் கோச் பெலிச்சிக்கிடம் டிஃபென்ஸ் பொறுப்பில் இருந்தபோது உருப்பெற்ற ரிப்-லிஸ் முறை இந்த வகைதான். நான்கு பேர் நேராக மேலே ஓடினால் மூன்று ஆழ ஆட்களால் சமாளிக்க முடியவில்லை என்பதே அதற்குத் தூண்டுதல்.

மேட்ச்சில் கார்னர் நம்பர் 1-ஐ விடாமல் தூக்கிக்கொண்டு போகிறார். ஏபெக்ஸ் ஆள், அதாவது உங்கள் கர்ல்-ஃபிளாட் ஆள், நம்பர் 2 மேலே ஏறினால் அவரோடு ஓடுகிறார். எனவே 18-இல் செயில் தனியாக இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒட்டி ஒரு உடம்பு இருக்கும்.

ஆனால் அதற்கு விலை உண்டு. பல அணிகளின் விதிப்படி ஃபிளாட்டுக்கு உள்ளிருந்து நடு அடுக்கு டிஃபெண்டரான லைன்பேக்கர் ஓடி வர வேண்டும். அவர் ஹாஷ் கோட்டருகே (மைதானத்தின் உள்பகுதியில் நீளவாக்கில் போகும் குறிகள்) நிற்பவர், பேக் எண்கள் பக்கம் போய்விட்டார் என்றால் நடுவே 8, 10 யார்டு. ஏபெக்ஸ் ஆள் இடுப்பைத் திருப்பி நம்பர் 2-வோடு ஓடத் தொடங்கிய அந்தக் கணமே பந்து ஃபிளாட்டுக்குப் போயிருக்க வேண்டும். குவார்ட்டர்பேக் ஒரு ஹிட்ச் (முன்னோக்கிய சிறு அடி) எடுத்த பிறகு போட்டால் லைன்பேக்கர் வந்துவிடுவார், 2 யார்டு லாபத்தோடு முடியும்.

நாலாம்_டவுன்

அப்போ கீழிருந்து மேலே பார்க்கறதுதானே சரி? ஏபெக்ஸ் ஆளைப் பார்த்து, அவர் ஏறினா ஃபிளாட், நின்னா செயில்?

வெண்பலகை

இதில்தான் எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபாடு. நான் மேலிருந்து கீழே பார்க்கச் சொல்பவன். காரணம் நேரம்.

ஷாட்கன்னில் (குவார்ட்டர்பேக் சில யார்டு பின்னால் நின்று பந்தை வாங்கும் முறை) மூன்று பெரிய அடி, பிறகு ஹிட்ச். மூன்றாவது அடி ஊன்றும்போது கண் கோ மீது: கார்னரைத் தாண்டிவிட்டாரா, இல்லையா என்று ஒரே பார்வை. முதல் ஹிட்ச்சில் செயில் வெட்டிக்கொண்டிருப்பார், ஸ்னாப்பிலிருந்து சுமார் இரண்டரை நொடி. அங்கே இல்லையென்றால் இரண்டாவது ஹிட்ச்சில் ஃபிளாட். கால், கண், ரூட் மூன்றும் ஒரே தாளத்தில் போகின்றன. கீழே பார்த்துவிட்டு மேலே போனால், ஃபிளாட்டை முடிவு செய்யத் தயங்கிய அரை நொடியில் செயிலின் ஜன்னல் மூடிவிடும். ஃபிளாட் காத்திருக்கும், செயில் காத்திருக்காது. பேக் ஓரக்கோட்டருகே போய்த் திரும்பி நிற்கலாம். செயிலுக்கு அப்பால் கோடுதான்.

மூன்றாம்_அடுக்கு

ஃபிளாட் காத்திருக்கும் என்பது இடம் பிடிக்கும் கவர் 3-க்கு எதிரே உண்மை. மேட்ச்சுக்கு எதிரே உண்மையில்லை. நான் மேலே எழுதியதே அதுதான்: அங்கே காத்திருக்கக் காத்திருக்க லைன்பேக்கர் நெருங்குகிறார். ஒரே வரிசையை எல்லாக் கவரேஜுக்கும் பொதுவாக வைக்க முடியாது.

ஸ்லாட்_வாசி

டவுனையும் (பத்து யார்டு எடுக்க நாலு வாய்ப்பு, ஒவ்வொண்ணும் ஒரு டவுன்) தூரத்தையும் சேர்த்துப் பாருங்க, பாதி சண்டை தீர்ந்துடும். மூணாவது டவுன்ல 3 யார்டு வேணும்னா கீழிருந்து மேலே, ஃபிளாட் கிடைச்சா புது முதல் டவுன் வந்தாச்சு. 8 யார்டு வேணும்னா ஃபிளாட்டுக்குப் போட்டு யாருக்கு லாபம்? அங்க கண் மேலிருந்துதான் இறங்கணும். முதல் டவுன்ல வெண்பலகை அண்ணா முறை. எதிரணி மேட்ச் ஆடுறவங்கன்னு ஃபிலிம்ல தெரிஞ்சா அந்த வாரத்துக்கு மட்டும் ஏபெக்ஸ் ஆளோட இடுப்பைச் சாவியா வைங்க.

வெண்பலகை

அந்த வாரத்துக்கு மட்டும் என்றால் ஏற்கிறேன். இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஹாஷ்_கணக்கன்

யாரும் இன்னும் ஹாஷைத் தொடவில்லை. ஹைஸ்கூலில் ஃபிளட் தோற்க இது பெரிய காரணம்.

மைதானத்தின் அகலம் எல்லா மட்டத்திலும் 160 அடி. ஹாஷ் மாறுகிறது. ஹைஸ்கூலில் அது ஓரக்கோட்டிலிருந்து 53 அடி 4 அங்குலம், கல்லூரியில் 60 அடி, என்.எஃப்.எல்.லில் 70 அடி 9 அங்குலம். பந்து ஒரு ஹாஷில் இருக்கும்போது எதிர்ப்புற ஓரக்கோடு ஹைஸ்கூலில் 35 யார்டுக்கு மேல், கல்லூரியில் 33, என்.எஃப்.எல்.லில் 30-க்குச் சற்றுக் குறைவு.

குவார்ட்டர்பேக் 7 யார்டு பின்னால் நிற்கிறார், செயில் 18 யார்டு ஆழத்தில் ஓரக்கோட்டிலிருந்து 5 யார்டு உள்ளே பிடிக்கிறார் என்று கொண்டு பித்தாகரஸ் போட்டுப் பாருங்கள். ஹைஸ்கூலில் அகலப் பக்கம் எறிய பந்து காற்றில் 39 யார்டுக்கு மேல் பறக்க வேண்டும், குறுகிய பக்கம் 28 போதும். கல்லூரியில் 38-க்கு 29. என்.எஃப்.எல்.லில் 35-க்கு 31. தொழில்முறை ஆட்டத்தில் எந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒரே வீச்சு. பதினாறு வயதுப் பையனுக்கு அகலப் பக்கத்துச் செயில் 11 யார்டு கூடுதல் தூரம். பந்து அவ்வளவு நேரம் காற்றில் மிதந்தால் கார்னர் கோவை விட்டுவிட்டு இறங்கி வந்து தட்டிவிடுவார். ரீடு சரியாக இருந்தும் பந்து பறிபோவது இப்படித்தான்.

இதற்குக் குவார்ட்டர்பேக்கையே அந்தப் பக்கம் ஓட வைப்பது நல்ல வழி. ஸ்பிரின்ட்-அவுட், அல்லது பூட்லெக். கோச் மைக் ஷானஹன் டென்வரில் 1995-லிருந்து நடத்திய அவுட்சைட் ஜோன் ஓட்டமும் அதன் எதிர்ப்பக்கம் உருளும் பூட்லெக்கும் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. எல்லா லைன்பேக்கர்களும் ஓட்டத்தை நம்பி ஒரு பக்கம் ஓட, மறுபக்கத்தில் ஃபிளாட்டில் ஒருவர், 12-இலிருந்து 15-க்குள் குறுக்கே வரும் ஒருவர், ஆழத்தில் ஒருவர். குவார்ட்டர்பேக் எல்வேயின் கையிலும் காலிலும் அது எப்படி ஓடியது என்பதற்கு 1997, 1998 சீசன்களின் சூப்பர் பவுல் வெற்றிகளே போதும். தத்துவம் ஃபிளட்டினுடையதே. எறியும் கை 10 யார்டு பக்கத்தில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

உருளுவதில் ஒரு நஷ்டமும் உண்டு. மைதானத்தின் மறுபாதி செத்துப்போகும், பின்பக்க ரூட் எதற்கும் திரும்ப முடியாது. அதனால் ஃபிளாட் ஆள் கீழே விழுந்துவிட்டாலும் பந்தை வெளியே எறிந்துவிடும் பழக்கம் வேண்டும்.

நாலாம்_டவுன்

இந்தக் கணக்கு ரொம்ப உதவி. கவர் 2-க்கு வருவோமா? அங்க கார்னர் ஃபிளாட்லயே நிக்கிறார், மேல பாதி மைதானத்துக்கு ஒரு சேஃப்டி (கடைசி அடுக்கு டிஃபெண்டர்).

வெண்பலகை

கவர் 2-இலும் ஓரத்தில் மூன்றுக்கு இரண்டுதான். ஆனால் இழுபடும் ஆள் மாறுகிறார். கார்னர் ஃபிளாட்டுக்கும் செயிலுக்கும் நடுவில், சேஃப்டி செயிலுக்கும் கோவுக்கும் நடுவில். சேஃப்டியின் பாதி கிட்டத்தட்ட 27 யார்டு அகலம், அவ்வளவையும் ஒருவர் காக்க வேண்டும்.

இங்கே கெடுவது நம்பர் 1. கார்னர் அவரை முதல் ஐந்து யார்டுக்குள் இடித்து உள்ளே தள்ளப் பார்ப்பார். உள்ளே போய்விட்டால் கோ ஓட்டம் செயிலின் பாதைக்குள் வந்துவிடும், இரண்டு ரிசீவர்களை ஒரே சேஃப்டி பார்த்துக்கொள்வார். எனவே கார்னர் 5 யார்டு ஆழத்தில் உள்நோக்கிய தோளோடு நின்றால் நம்பர் 1 எப்பாடுபட்டாவது வெளிப்பக்கமாகவே கழன்று போக வேண்டும். அங்கே ஒரு நொடி தாமதமாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். செயில் முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

உண்மையைச் சொன்னால், கவர் 2 என்று உறுதியாகத் தெரிந்தால் நான் ஃபிளட்டை விட ஸ்மாஷையே அழைப்பேன். நம்பர் 1 ஐந்து ஆறு யார்டில் நின்று திரும்பும் ஹிட்ச் ரூட், நம்பர் 2 பன்னிரண்டில் வெட்டி மூலையை நோக்கிப் போகும் கார்னர் ரூட். இரண்டே பேர், இழுபடுவது ஒரே கார்னர்பேக். அவர் ஹிட்ச்சில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே, பின்வாங்கினால் ஹிட்ச். எறியும்போது சேஃப்டியைப் பாருங்கள். அவர் அகலமாக விரைந்து வந்தால் பந்தைத் தாழ்த்தி 18-இல் ஓரக்கோட்டை நோக்கி, உள்ளேயே நின்றால் உயர்த்தி 22-க்கு. ரிசீவர் பந்தைப் பார்த்துக் கோணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

டாம்பா 2 பற்றிக் கேட்பீர்கள். கோச்கள் டஞ்சியும் கிஃபினும் புகழ்பெறச் செய்த அந்த வகையில் நடு லைன்பேக்கர் ஆழத்துக்கு ஓடுகிறார். அது நடுவழியை அடைக்கும், ஓரத்தில் எதையும் மாற்றாது. ஸ்மாஷ் அப்படியே போகும்.

ஸ்லாட்_வாசி

ஸ்மாஷை கவர் 3-க்கு எதிரா அழைச்சிடாதீங்க. ஆழ மூணில் ஒரு பங்குல நிக்கற கார்னர் அந்த மூலை ரூட்டுக்கு மேலேயே நிப்பார், கர்ல்-ஃபிளாட் ஆள் ஹிட்ச்சுக்கு வந்துடுவார். ரெண்டுக்கு ரெண்டு. நடுவுல யாரும் இழுபடவே இல்ல.

நாலாம்_டவுன்

சரி, கவர் 4? தலைப்பே அதுதான்.

மூன்றாம்_அடுக்கு

கவர் 4-இல் ஓரத்துக்கு மூன்று பேர் இருக்கிறோம், உங்கள் மூன்றுக்கு எங்கள் மூன்று. நம்பர் 1 மேலே போனால் கார்னர் அவரோடு. நம்பர் 2 எட்டுப் பத்து யார்டு தாண்டினால் சேஃப்டி அவரை எடுத்துக்கொள்வார். ஃபிளாட்டுக்கு முதலில் வருபவரை ஐந்தாவது பின்வரிசை டிஃபெண்டரான நிக்கல் எடுத்துக்கொள்வார். சேஃப்டி 10, 12 யார்டு ஆழத்தில் நின்று பின்வாங்காமல் நம்பர் 2-வையே பார்க்கிறார். நீங்கள் 12-இல் வெட்டினால் அவர் கால் விரல் மேல் வெட்டுகிறீர்கள். அங்கே எங்களை யாரும் இழுக்கவில்லை, ஆளுக்கு ஆள் சமம்.

ஆனால் செயில் முழுக்க மூடிவிட்டது என்று நானே சொல்ல மாட்டேன். சேஃப்டி உள்பக்கத்திலிருந்து காக்கிறார், ரூட் வெளியே வெட்டுகிறது. நம்பர் 2 நேராக ஏறாமல் சேஃப்டியின் உள் தோளை நோக்கி ஏறினால், போஸ்ட் (ஆழத்தில் உள்நோக்கிச் சாயும் ரூட்) வருகிறது என்று நினைத்து அவர் இடுப்பை உள்ளே திருப்புவார். அப்போது வெளியே வெட்டினால் இரண்டு யார்டு பிரிவு கிடைக்கும். நேராக ஏறி வெட்டுபவருக்கு அது கிடைக்காது. எங்களுக்குத் தொல்லை தரும் ரிசீவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

ஸ்லாட்_வாசி

சிலர் கவர் 4 பார்த்ததும் நம்பர் 1 கோவை 15-ல நிறுத்தி, பந்தை நோக்கித் திரும்பி வர்ற கம்பேக்கா மாத்திக்கலாம்னு விதி வைக்கிறாங்க. கார்னர் பின்வாங்கிட்டே இருக்கறதால அது திறந்திருக்கும், உண்மை. ஆனா நம்பர் 2-க்கு அதே விதியைச் சொல்ல மறந்துடுறாங்க. செயில் வந்து சேர்ற இடமும் கம்பேக் நிக்கற இடமும் ஒண்ணேதான், ரெண்டு பேர் ரெண்டு டிஃபெண்டரை இழுத்துக்கிட்டு ஒரே புல்லுல நிப்பாங்க. நம்பர் 1 நின்னா நம்பர் 2 வெட்டக்கூடாது, நேரா ஏறிச் சேஃப்டியைக் கட்டிப் போடணும். ஒருத்தர் மாத்தினா இன்னொருத்தரும் மாத்தணும். ரெண்டு பேரும் ஒரே ஆளைப் பார்த்து ஒரே முடிவுக்கு வரப் பழக்கம் இல்லேன்னா இந்த விதியே வேண்டாம்.

வெண்பலகை

கவர் 4-இல் இழுக்க வேண்டிய ஆள் ஓரத்தில் இல்லை, அந்தச் சேஃப்டிதான். ஃபிளட் அவரை இழுப்பதில்லை, அவருக்கு ஒரே ஒரு வேலையைக் கொடுக்கிறது. அவருக்கு இரண்டு வேலை கொடுங்கள்: நம்பர் 2 பன்னிரண்டில் உள்ளே வெட்டும் டிக், நம்பர் 1 அவர் தலைக்கு மேலே போஸ்ட். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கோச் ஸ்பரியர் ஓட்டிய இதற்கு ரிசீவர் எர்னி மில்ஸின் பெயரால் மில்ஸ் என்றே பெயர் நின்றுவிட்டது. நம்பர் 2-வைப் பார்க்கும் சேஃப்டி டிக் மீது பாய்ந்தால் போஸ்டுக்கு உள்ளே யாரும் இல்லை, கார்னர் வெளிப்பக்கம் மாட்டிக்கொண்டிருப்பார். சேஃப்டி பின்வாங்கினால் டிக். இதுவும் மேல்-கீழ் இழுப்புதான், ஆள் மட்டும் வேறு.

ஃபிளட்டோடு இதை இணைக்கவும் செய்யலாம். ஓரத்தில் ஃபிளட் ஓடட்டும், பின்பக்கத்துத் தனி ரிசீவருக்கு 15 யார்டு டிக் கொடுங்கள். ஸ்னாப்புக்குப் பிறகு இரண்டு சேஃப்டிகளும் ஆழத்திலேயே நின்றால் செயிலை விட்டுக் கண்ணைப் பின்பக்கம் திருப்பலாம். உருளாமல் நின்று எறியும்போது மட்டும்.

நாலாம்_டவுன்

ஸ்னாப்புக்கு முன்னாடி எது கவர் 3, எது கவர் 4-ன்னு பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்? சேஃப்டிகளை எண்ணச் சொன்னா போதுமா?

மூன்றாம்_அடுக்கு

போதாது. இரண்டு சேஃப்டியைக் காட்டிவிட்டு ஸ்னாப்பில் ஒருவரைக் கீழே இறக்குவது இன்று எல்லா மட்டத்திலும் சாதாரணம். எண்ணிக்கை ஓர் ஊகம், அவ்வளவே. ஸ்னாப் ஆனதும் முதல் இரண்டு அடியில் ஃபிளட் பக்கத்துச் சேஃப்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவுக்கு ஓடினால் ஓரத்தில் மூன்றுக்கு இரண்டு, செயில். கீழே ஃபிளாட்டை நோக்கி இறங்கினால் அதுவும் கவர் 3 தான், அவரே கர்ல்-ஃபிளாட் ஆள். அசையாமல் நம்பர் 2-வைப் பார்த்து நின்றால் கவர் 4, பின்பக்கம் திரும்பலாம். அகலமாக ஆழத்துக்கு ஓடினால் கார்னரைப் பாருங்கள். கார்னர் ஃபிளாட்டிலேயே நின்றுவிட்டால் கவர் 2, அல்லது கவர் 3-இன் கிளவுட் வகை. கிளவுடில் கார்னர் செயிலுக்கு அடியில் பின்வாங்கினால் ஃபிளாட், நின்றால் செயில்.

ஐந்து பேர் பாய்ந்து வரும் ஃபயர் ஜோன் வந்தால் மேலே மூன்று, கீழே மூன்று பேர்தான் மிஞ்சுகிறார்கள். அங்கே செயில் மிக அகலமாகத் திறக்கும், ஆனால் பேக் ஃபிளாட்டுக்குப் போய்விட்டதால் ஐந்தே பேர் தடுக்கிறார்கள். பிடிபடும் நிலை வந்தால் ஃபிளாட்டுக்கு உடனே போடுங்கள்.

ஹாஷ்_கணக்கன்

பயிற்சிக்கு ஒரு ஏற்பாடு. அரை மைதானம், கூம்பு நான்கு: 3 யார்டில் எண்கள் மீது ஒன்று, 12-இல் நம்பர் 2 வெட்டும் இடத்தில் ஒன்று, 18-இல் ஓரக்கோட்டிலிருந்து 5 யார்டு உள்ளே ஒன்று, 25-இல் கோவின் பாதையில் ஒன்று. டிஃபெண்டர் ஒருவர் மட்டும், கர்ல்-ஃபிளாட் ஆளாக 10-இல். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நின்று விரலால் காட்டுங்கள். பந்தை அகலப் பக்க ஹாஷில் வைத்துப் பத்து, குறுகிய பக்கத்தில் பத்து. பிறகு கார்னரைச் சேருங்கள், அவருக்குக் கோவை விட்டு இறங்கவும் சுதந்திரம் கொடுங்கள்.

பையன் அகலப் பக்கம் செயிலைத் தாமதமாகவே எறிகிறான் என்றால் கையைக் குறை சொல்லும் முன் காலைப் பாருங்கள். பெரும்பாலும் ஹிட்ச் எடுத்த முன் கால் நேராகவே நிற்கும், ஓரத்தை நோக்கித் திரும்பியிருக்காது.

நாலாம்_டவுன்

முன் கால் விஷயம் பதிவுகள்ல அப்படியே தெரியுது. நம்பர் 2-வை 17 யார்டு உள்ளே நிறுத்தி, பேக்கின் தட்டை எடுத்துட்டு, அடுத்து அதைப் பார்க்கிறேன்.